பீஜ்: சிற்றூரில் ஒரு தொலைக்காட்சி நிலையம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்றது. பெருநகரங்கள் சிலவற்றிற்கே தொலைக்காட்சி வாய்த்திருந்த அதே ஆண்டில், குஜராத் மாநிலத்தின் கேதா மாவட்டத்திலுள்ள பீஜ் என்னும் சிற்றூரிலும் ஓர் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. அதன் ஒளிபரப்பியின் திறன் ஒரு கிலோவாட் மட்டுமே. கேதா, 1918-இல் காந்தியடிகள் முன்னின்று நடத்திய உழவர் அறப்போரால் அறியப்பெற்ற மண். 1946-இல் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் கண்ட மண்ணும் அதுவே.

தொலைக்காட்சி சிற்றூர்களின் வளர்ச்சிக்குப் பயன்பட வேண்டும் என்பது விக்ரம் சாராபாயின் விருப்பம். அவர் 1971-இல் மறைந்தார். அவர் வழிவந்த இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தினர், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குப் பெற்று, 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பினர். காலம் முடிந்ததும் செயற்கைக்கோள் இந்திய வானைவிட்டு நகர்த்தப்பட்டது. பீஜ் கோபுரம் நிலத்தில் நின்றது, ஆதலால் நிலைத்தது.

நிகழ்ச்சிகள் அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் உருவாயின. மாவட்டத்தின் 400-க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் ஏறத்தாழ 600 பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. மாலை வேளையில் ஊரார் அவற்றின்முன் கூடினர். பெட்டி இருக்கும் இடமே, அதனை யார் அணுகலாம், யார் அணுக இயலாது என்பதை ஓரளவு தீர்மானித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. சாதி வேற்றுமை ஆழ வேரூன்றிய ஊர்களில் பொது இடம் என்பது எல்லார்க்கும் ஒரே அளவில் பொதுவாக இருப்பதில்லை.

ஒளிபரப்பின் எல்லை குறுகியதாக இருந்ததே பீஜ் நிலையத்திற்கு வலிமையாயிற்று. ஒரு நாடு முழுவதற்கும் பேசுகிறவர் எவருடைய பேச்சுவழக்கிலும் பேச இயலாது. ஒரு மாவட்டத்திற்கு மட்டும் பேசுகிறவரோ அம்மாவட்டத்து மக்களின் குஜராத்தியிலேயே பேசலாம். அவ்வூர்க் கிணற்றையும் கூலியையும் கடனையும் பெயர் சொல்லிக் காட்டலாம். சமூகவியல் ஆய்வாளர்கள் ஊர்களுக்குச் சென்று மக்களின் தேவைகளைக் கேட்டறிந்த பின்னரே பல நிகழ்ச்சிகளுக்குக் கதை அமைந்தது. எளிதில் எடுத்துச் செல்லத்தக்க ஒளிப்பதிவுக் கருவிகள் வயலுக்கும் தெருவிற்கும் சென்றன. ஊர் மக்களே நடித்தனர். தம் குறைகளைத் தாமே எடுத்துரைத்தனர். அறிவுள்ள பெரியவர் எனப் பொருள்படும் ‘சதுர் மோட்டா’ என்னும் தொடர், வரதட்சிணைக் கொடுமையையும் கைம்பெண்கள் படும் துயரத்தையும் பேசியது. ‘ஹூம் நே மாரா ஏ’ என்னும் தொடர், கணவன் மனைவி உறவைக் களமாகக் கொண்டது. குறைந்த கூலி, குடிப்பழக்கம், தீண்டாமை ஆகியனவும் நிகழ்ச்சிப் பொருள்களாயின. உழைப்பவரும் உழைப்பைப் பெறுபவரும் ஒரே பெட்டியின்முன் அமர்ந்து கூலியைப் பற்றிய நாடகத்தைப் பார்ப்பது சிறிய செய்தியன்று.

கிராமப்புறத் தகவல் தொடர்பிற்காக யுனெஸ்கோ அமைப்பின் விருது 1984-இல் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. அவ்வேளையில் நாட்டின் தொலைக்காட்சி வேறு திசையில் விரைந்துகொண்டிருந்தது. 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1983-இல் இன்சாட்-1பி ஏவப்பட்டது. குறைந்த திறன் ஒளிபரப்பிகள் நாடெங்கும் வேகமாக நிறுவப்பட்டன. ஆயினும் அவை பெரும்பாலும் தில்லி நிகழ்ச்சிகளை வாங்கி மறுஒளிபரப்புச் செய்தன. கருவி பீஜ் நிலையத்தினதைப் போலவே சிறியதாக இருந்தது. குரல் வேறாக இருந்தது.

1985-இல் பீஜ் ஒளிபரப்பியைச் சென்னைக்கு மாற்ற முடிவாயிற்று. முன்பே ஒரு நிலையத்தைப் பெற்றிருந்த அப்பெருநகருக்கு இரண்டாம் அலைவரிசை ஒன்று தேவை எனக் கருதப்பட்டது. உலக விருது பெற்ற மறு ஆண்டிலேயே வந்த இம்முடிவைக் கேதா மாவட்ட மக்கள் எதிர்த்தனர். பத்தாண்டுகளாகத் தம் மொழியில் தம்மைக் காட்டிய நிலையத்தைத் தமது உடைமையாகவே அவர்கள் கருதியிருந்தனர். ஒளிபரப்பி அரசின் உடைமை, முடிவு மாறவில்லை.