பொங்கல் பந்தி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொங்கலன்று மதியச் சாப்பாட்டுக்குச் சித்தப்பா வீடு, அண்ணன் வீடு, நாத்தனார் பிள்ளைகள் என்று 25 பேர் வருகிறார்கள் என்றால், போகிக்கு முன்பே வீட்டில் பதற்றம் தொற்றிக்கொள்ளும். விருந்தைப் பற்றி நாம் கேள்வி கேட்காமல் வைத்திருக்கும் சில நம்பிக்கைகள்தான் அதைப் பெரிதாக்குகின்றன.

நம்பிக்கை: ஆள் கூடினால் சமைக்கக் கை போதாது.

உண்மை: போதாமல் போவது அடுப்பு. பொங்கல், வடை, கூட்டு, பொரியல் எல்லாம் இலையில் இருக்கும்போது 25 பேருக்கு 2 கிலோ அரிசி தாராளம். ஆனால் 5 லிட்டர் குக்கரில் சாதத்துக்குப் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. தண்ணீரோடு சேர்த்தால் ஒரு ஈட்டுக்கு முக்கால் கிலோ அரிசிதான் பிடிக்கும். மூன்று ஈடு வைத்து ஆவி அடங்கி இறக்குவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். இன்னொரு பர்னரில் வடைச் சட்டி. மூன்று பர்னர் அடுப்பானாலும் சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் நான்கும் மிச்சமிருக்கும் ஒன்றுக்காகக் காத்து நிற்கும்.

அதனால் சமையல் பட்டியல் எழுதும்போதே ஒவ்வொன்றுக்கும் நேராக எந்த அடுப்பு, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். இடம் கிடைக்காததை அடித்துவிடுங்கள். இரண்டாவது பொரியல் இல்லையென்று எந்த உறவும் முறியாது. வாசலில் பொங்கல் வைக்கும் வீடென்றால் அதே அடுப்பில் பெரிய பானை ஏற்றிச் சாதத்தை வடித்துவிடலாம். உள்ளே ஒரு பர்னர் முழுசாக மிச்சம்.

நம்பிக்கை: எல்லாம் அன்றன்றே செய்தால்தான் ருசி.

உண்மை: புளிக்காய்ச்சல் ஒரு நாள் ஊறினால்தான் ருசியே. முதல் நாள் ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து மொச்சை உரிக்கலாம், அவரைக்காய்க்கு நார் எடுக்கலாம், வெல்லப்பாகை வடிகட்டி வைக்கலாம். உளுந்து மாவை விடியற்காலையில் அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, உப்பை மட்டும் சுடுவதற்குச் சற்று முன் போடுங்கள். முன்பே போட்டால் மாவு நீர்த்து, வடை எண்ணெய் குடிக்கும். பச்சடி, அப்பளம், ரசத்துக்குத் தாளிப்பு, இவைதான் கடைசி நேரத்துக்கு உரியவை.

நம்பிக்கை: மிஞ்சிய சாதத்தை ராத்திரி நன்றாகச் சூடு பண்ணினால் போதும்.

உண்மை: போதாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அரிசியில் இருக்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெளியில் கிடக்கும் சாதத்தில் அது பெருகி உண்டாக்கும் வாந்தி நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரிமாறும்வரை ஹாட் பேக்கில் சூடு குறையாமல் இருக்கட்டும். பந்தி முடிந்ததும் மிச்சத்தை அகலத் தட்டில் பரப்பி, சட்டென்று ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆழமான பானையோடு வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரமாகும்.

நம்பிக்கை: ஸ்வீட்டைக் கடையில் வாங்கினால் மரியாதைக் குறைவு.

உண்மை: வாங்குங்கள். பானையில் பொங்கல் இருக்கிறது.

நம்பிக்கை: விருந்தாளியை வேலை வாங்கக் கூடாது.

உண்மை: வருகிறவர்கள் சொந்தக்காரர்கள். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டபடியேதான் அடுக்களைக்குள் வருவார்கள். "ஒண்ணும் வேண்டாம், உக்காருங்க" என்று நாம்தான் அனுப்பிவிடுகிறோம். பிறகு சமைத்தவள் மூன்றரை மணிக்கு ஆறிப்போன சாம்பாரை ஊற்றி, நின்றபடியே சாப்பிடுகிறாள். இதைத் தியாகம் என்று புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரியவர்கள், குழந்தைகள், மாத்திரை போடுகிறவர்கள் முதல் பந்தி. அவர்களோடு நாலு ஆண்களும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் பந்திக்கு வாளியைத் தூக்கட்டும். சமைத்தவர்களுக்கு அந்தப் பந்தியில் முதல் இலை. இதை அன்றைக்குச் சொன்னால் ஆளுக்கொரு சாக்கு வரும், அழைக்கும்போதே ஃபோனில் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ரெண்டாம் பந்திக்குச் சாம்பார் வாளி உங்க பொறுப்பு."