துருவத்துக்குப் போகும் முன் படித்த பாடம்

சங்கக் கூட்டங்களில் என்னைப் பார்க்கும் இளைஞர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்டார்க்டிகாவில் குளிர் எப்படி இருந்தது சார்?" அங்கே போகும் முன் எங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மலை, கடல், பனி என்று தொலைதூரத்துக்குச் சில மாத வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருப்பதால், அதையே இங்கே எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி அல்லன். தில்லியில் ஜெனரேட்டர் மெக்கானிக். 2017-இல் நம் நாட்டின் மைத்ரி நிலையத்தில் கோடைகால ஒப்பந்த வேலை கிடைத்தது. அங்கே கோடை என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி, மார்ச் வரை. விஞ்ஞானி, சமையல்காரர், வெல்டர் எல்லோருக்கும் முறை ஒன்றுதான். முதலில் தில்லி எய்ம்ஸில் உடலுக்கும் மனத்துக்கும் பரிசோதனை. பிறகு உத்தராகண்டில் உள்ள ஔலியில் இந்திய-திபெத் எல்லைக் காவல் படையினரின் பயிற்சி.

பரிசோதனை ஏன் அவ்வளவு கடுமை? மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம் இருக்கிறது. அங்கே 1961 ஏப்ரல் 30 அன்று, லியோனிட் ரோகசோவ் என்ற மருத்துவர் தம் குடல்வாலைத் தாமே அறுத்து எடுத்தார். அங்கிருந்த ஒரே மருத்துவர் அவர்தான். வெளியிலிருந்து யாரும் வந்துசேர வழியில்லை. இதைக் கேட்ட பிறகு, பல வருடமாக ஒத்திப்போட்ட சொத்தைப் பல்லை மறுநாளே பிடுங்கிக்கொண்டேன்.

ஔலியில் முதல் பாடம் உடை. நம் வெயிலுக்கு ஏற்ற பருத்தி பனியன் அங்கே எதிரி. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் உடம்பின் சூட்டை இழுத்துவிடும். அதனால் உள்ளே கம்பளி, நடுவில் வெப்பம் காக்கும் உடை, மேலே காற்றுப் புகாத சட்டை. வேலை செய்து வியர்க்கத் தொடங்கும்போதே ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். காற்றின் கணக்கையும் சொன்னார்கள். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிதான் என்றாலும், மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 21 போலத்தான். ஸ்பானரை வெறுங்கையால் தொடாதே என்பது எனக்கென்றே சொன்னது போல் இருந்தது.

பிறகு பத்ரிநாத்துக்கு மேலே பனியில் கயிற்றுப் பயிற்சி. பனிவெடிப்பில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்க வேண்டும் என்பதால் ஒரே கயிற்றில் நான்கு பேர். இரண்டாம் நாள் என் இடது கையுறை நனைந்துவிட்டது. இரண்டு விரல்கள் மரத்து, நுனி வெளுத்துப் போயின. நான் வாய் திறக்கவில்லை. குழுவில் வயதில் மூத்தவன் நான். திருப்பி அனுப்பிவிட்டால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்பதே என் நினைப்பு.

உஸ்தாத் (பயிற்சியாளரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒன்றும் கேட்காமல் வந்து, "எட்டு முடிச்சுப் போட்டுக் காட்டுங்கள்" என்றார். முந்தின நாள் கண்ணை மூடிக்கொண்டு போட்ட முடிச்சு, அன்று வரவில்லை. கையை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தேய்க்கக் கூடாதாம், தேய்த்தால் உறைந்த தசை கிழியும். விரலில் சூடு திரும்பும்போது எரிந்த எரிச்சலில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"விரல் மரத்தது தப்பில்லை, மெக்கானிக் சாப். உங்கள் கயிற்றில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். அடுத்த நாள் முதல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மூக்கிலோ கன்னத்திலோ வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று சொல்லிக்கொள்ளும் வேலையை என்னிடமே ஒப்படைத்தார். தண்டனையா, மரியாதையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

புறப்படுமுன் வீட்டில் பேச வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது. நினைத்தபோது திரும்பிவர முடியாத இடம். இங்கே ஏதாவது கெட்டது நடந்தால் எனக்குச் சொல்வதா, வேண்டாமா? "அங்கே தனியாகக் கிடந்து தவிப்பீங்க, நான் சொல்ல மாட்டேன்" என்றாள் என் மனைவி. இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் கயிற்றுக் கதையைச் சொன்னேன். சொல்வதாக ஒப்புக்கொண்டாள். வங்கிக் கணக்கு, கியாஸ் புத்தகம், பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தோம்.

ஜனவரியில் மகளுக்கு மஞ்சள் காமாலை. மூன்றாம் நாளே தகவல் வந்துவிட்டது. நான் குழுத் தலைவரிடம் போய், இன்று என் கை நிதானமாக இல்லை, எஞ்சினைப் பிரிக்கும் வேலை வேண்டாம் என்றேன். அவர் கேரளத்து வெல்டரை என்னோடு அனுப்பினார். அவன் ஸ்பானரைப் பிடித்தான். நான் பக்கத்தில் நின்று போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.