இலத்தீன் தாயும் அவள் மக்களும்



இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம், பிரெஞ்சு, ருமேனியம் முதலிய பாஷைகள் இலத்தீன் என்னும் ஒரே தாயின் மக்கள். பிள்ளைகளின் முகத்தில் தாயின் சாயல் தெரிவதுபோல, இப்பாஷைகளின் சொற்கடைசியில் இலத்தீன் விகுதிகள் இன்றும் தெரிகின்றன. அடைச்சொற்களை உண்டாக்கும் மூன்று விகுதிகளை மட்டும் இங்கே கவனிப்போம்.

1. ‘ஓசுஸ்’ என்றால் ‘நிறைந்த’ என்று பொருள். குளோரியா என்பது மகிமை. குளோரியோசுஸ் என்பது மகிமை நிறைந்த. இதுவே இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் குளோரியோசோ எனவும், ருமேனியத்தில் குளோரியோஸ் எனவும் வழங்குகிறது. பெண்பாலில் ‘ஓசா’ என்று வரும். வியாகுல மாதாவை ‘தொலொரோசா’ என்பது இதனாலேயே: தோலொர் என்பது வேதனை.

2. ‘பிலிஸ்’ வினையோடு சேர்ந்து, ‘அதற்குத் தகுந்த’ என்று பொருள்படும். அமாரே என்பது நேசித்தல். அமாபிலிஸ் என்பது நேசிக்கத்தக்க. இத்தாலியர் அமாபிலே என்பர். ஸ்பானியர் அமாப்ளே என்பர். போர்த்துகீசியரோ அமாவெல் என்பர். லொரேத்தோ மாதா பிரார்த்தனையிலும் இச்சொல் உண்டு.

3. ‘ஆலிஸ்’ என்றால் ‘சார்ந்த’, ‘உரிய’ என்று பொருள். சாவைக் குறிக்கும் மோர்ஸ் என்னும் சொல்லிலிருந்து மோர்த்தாலிஸ் பிறந்தது; இத்தாலியத்தில் மோர்த்தாலே, பிரெஞ்சில் மோர்தெல். சொல்லின் பகுதியில் ஏற்கெனவே லகரம் இருந்தால், உச்சரிப்பு எளிதாகும்படி இவ்விகுதி பெரும்பாலும் ‘ஆரிஸ்’ என்று மாறும். லூனா என்பது நிலா, அதற்குரியது லூனாரிஸ்.

இதில் நமக்கு என்ன பயன் என்பீர்கள். ஞானோபதேசத்தில் சாவான பாவம், அற்பப் பாவம் என்று படித்திருக்கிறோம். ‘அற்பந்தானே’ என்று அதை அலட்சியம் செய்வோர் உண்டு. ஆனால் இலத்தீனில் அதன் பெயர் வேனியாலிஸ். வேனியா என்பதற்கு மன்னிப்பு என்று பொருள். ஆகவே அச்சொல் ‘சிறியது’ என்று சொல்லவில்லை. ‘மன்னிப்புக்குரியது’ என்றே சொல்லுகிறது. மன்னிப்பு வேண்டுமானால், அது குற்றந்தான் என்பது தெளிவு. அதே சமயம், சிறு குற்றத்துக்கும் நடுங்கி மனம் சோர்பவருக்கு அச்சொல்லிலேயே ஆறுதலும் இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: நுமெருஸ் என்பது எண்ணிக்கை, நுமெரோசுஸ் என்பதன் பொருள் என்ன? பொப்புலுஸ் என்பது மக்கள். அதிலிருந்து ‘பொப்புலாலிஸ்’ வராமல் ‘பொப்புலாரிஸ்’ வந்தது ஏன்?