எலும்பும் ஒரு கைமுதலே



அந்தியில் கல்லாவை எண்ணாமல் நாம் கடையை அடைப்பதில்லை. வருஷம் முடிந்தால் ஐந்தொகை பார்க்கிறோம். ஆனால் நம் தேகத்துக்குள்ளே இருக்கும் ஒரு கைமுதலை மட்டும் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அதுதான் எலும்பு.

காஜாங்கில் எங்களோடு வசிக்கும் மாமிக்கு வயது 68. சென்ற வருஷம் ஒளுச் செய்துவிட்டுத் திரும்புகையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார்கள். பெரிய விழுகை அல்ல. ஆயினும் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் இதேபோல் சிறு தடுக்கலில் அவர்கள் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு ஆறியதும் நாங்கள் மறந்துவிட்டோம். அதுவே முதல் எச்சரிக்கை என்று டாக்டர் சொன்ன பிறகே விளங்கியது.

எலும்பு கல்லைப் போன்றதன்று. பழையது கரைய, புதியது சேர்ந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய 30 வயது வரை வரவு அதிகம். பின்னர் செலவு மெல்ல மிஞ்சும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் செலவு வேகமாகும். இப்படி உள்ளே பொத்தலாகிப் பலமிழப்பதையே எலும்புப்புரை என்பார்கள். முறியும் வரை பெரும்பாலும் வலியே இராது.

மலேசியாவில் 2018இல் ஏறக்குறைய 5,900 இடுப்பெலும்பு முறிவுகள் என்றும், 2050இல் அது 20,000க்கு மேலாகும் என்றும் ஆசிய நிபுணர்கள் கணித்துள்ளனர். இடுப்பு முறிந்த முதியோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். ஆகவே எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டு நாளைக் கடத்தலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. இயன்றால் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, விரைவில் எழுப்பி நடக்க வைப்பதே நலம்.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். மூட்டு வலிக்கென்று மாமி வருஷக்கணக்கில் உண்ட ஜாமு மாத்திரை என் கடைச் சரக்குதான். பதிவு எண் இல்லாதது. ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். இலாபம் நல்லது, வாங்கி வைத்தேன். இத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. அது வலியை உடனே அடக்கும்; எலும்பையோ அரித்துவிடும். மால் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாத மருந்தை நாம் விற்கவே வேண்டாம். உண்டு பழகியவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் காட்டி அவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

தற்காப்பு எளிது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு கோப்பைப் பாலில் கால் பங்கு கிடைக்கும். தயிர், கேழ்வரகு, முள்ளோடு தின்னும் நெத்திலி, தௌஃபூ ஆகியனவும் உதவும். வெயில் நாடாயினும் கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளுமே இருப்போர்க்கு வைட்டமின் டி குறைவது சகஜம். காலையில் சிறிது வெயிலில் நடப்போம். புகையை விடுவோம். குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் போடுவோம்; இரவில் விளக்கு எரியட்டும்.

50 வயதுக்கு மேல் சிறு விழுகையில் எலும்பு முறிந்தாலோ, உயரம் குறைந்து முதுகு கூனினாலோ, எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் நாமே கேட்க வேண்டும். எலும்பைக் காக்கும் மருந்துகள் உள்ளன. வாரம் ஒருமுறை உண்ணும் அலென்ட்ரோனேட் மாத்திரையை அதிகாலை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் வேறெதுவும் உண்ணாமலும் இருக்க வேண்டும். தே தாரிக்கோடு விழுங்கினால் பயனில்லை. நோன்பு மாதத்தில் எவ்வேளையில் உண்பதென்று முன்னதாகவே கேட்டுக்கொள்க.

மாமி இப்போது கைத்தடியோடு நடக்கிறார்கள். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள். மணிக்கட்டு முறிந்த அன்றே விசாரித்திருந்தால் இந்த நஷ்டம் வந்திராமலும் போயிருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி யாரேனும் உண்டா? இன்றே விசாரியுங்கள்.

வஸ்ஸலாம்.