மழைநீர்த் தொட்டி எவ்வளவு பெருசு?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுற ஊர் எங்க திருமுக்கூடல். ஆனாலும் புது வீட்டு போர்ல உப்புத் தண்ணிதான். குடிக்க மழைநீர்தான்னு முடிவு செய்தோம்.

கடையில 10,000 லிட்டர் தொட்டி வாங்கச் சொன்னாங்க. நான் கணக்குப் போட்டேன்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். எங்க மாடி 1,000 சதுர அடி. அதாவது 93 சதுர மீட்டர். 100 மி.மீ. மழைக்கு 9,300 லிட்டர். சேதாரம் போக 7,000 லிட்டராவது தேறும்.

வீட்டில் அஞ்சு பேர். குடிக்க, சமைக்க நாளைக்கு 40 லிட்டர். தை முதல் சித்திரை வரை 120 நாளுக்கு 4,800. ஆக, 5,000 லிட்டர் தொட்டியே போதும்!

மிச்சப் பணத்தில் வடிகட்டியும், முதல் மழையை வெளியே தள்ளும் குழாயும் வைத்தோம். தொட்டிக்குள் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். மூடி இறுக்கமா இருக்கணும். காய்ச்சித்தான் குடிக்கிறோம். வழியிற தண்ணி போர் பக்கத்து உறிஞ்சுகுழிக்குப் போகுது.

கடைக்குப் போகுமுன் நீங்களும் மாடியை அளந்து பாருங்க.