ஒளி கோக்கும் மூலக்கூறுச் சங்கிலி

பலபடியாக்கல் என்றதும் மாணவர்கள் வெப்பம், அழுத்தம், வினைவேகமாற்றி என்று ஒப்பிப்பார்கள். ஒளியாலும் மோனோமர்களைக் கோக்க முடியும் என்பது அவர்கள் மனத்தில் பதிவதில்லை.

ஸ்ரீமதுரையில் என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “பல்லை அடைத்ததும் நீல விளக்கு காட்டுகிறார்களே, காய வைக்கவா சார்?” என்று கேட்டாள். நல்ல தொடக்கம் அது. காய்தல் என்றால் நீரோ கரைப்பானோ ஆவியாகி வெளியேறுவது. பல்லில் நடப்பது அதுவன்று. பசையில் கலந்துள்ள கேம்ஃபர்குவினோன் நீல ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்குகிறது. மோனோமர்கள் பிணைந்து பசை கெட்டியாகிறது.

நம் மாவட்டத்தில் ஒளி வேதியியல் என்றால், உதகையில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நினைவுக்கு வரும். ஃபிலிமில் ஒளி பட்டு மாறுவது வெள்ளி உப்பு. அதற்கு வெகுகாலம் முன்பே, ஏறத்தாழ 1827இல், பிரான்சின் நியெப்ஸ் உலோகத் தகட்டில் நிலக்கீல் பூசிப் படமெடுத்தார். ஒளி பட்ட இடத்தில் மூலக்கூறுகள் பிணைந்து இறுகின. படாத இடம் எண்ணெயில் கரைந்து போனது.

பரப்பின் பங்கு

ஒளி மட்டும் போதாது. மூலக்கூறுகள் நிற்கும் ஒழுங்கும் வேண்டும். டைஅசிட்டிலீன் சேர்மங்களின் படிகங்களில் இதை 1969இல் ஜெர்மானிய வேதியியலாளர் வெக்னர் விளக்கினார். கிராஃபைட் பரப்பின் மேலும் இவை வரிசையாக அடுக்கி நிற்கும். இடைவெளி ஏறத்தாழ 0.5 நானோமீட்டராகவும் சாய்வு பொருத்தமாகவும் இருந்தால், புற ஊதா ஒளி பட்டதும் அருகருகே உள்ளவை கைகோத்துச் சங்கிலியாகின்றன.

செயல்பாடு (15 நிமிடம்)

20 மாணவர்கள் மோனோமர்கள். டார்ச் எரியும்போது மட்டும், நின்ற இடத்திலிருந்தே கைகோக்க வேண்டும்.

1. வகுப்பறையில் விருப்பம்போல் நடக்கட்டும், டார்ச்சை எரியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இணைவார்கள்.
2. தரையில் கை எட்டும் தூரத்தில் சாக்பீஸ் புள்ளிகளிட்டு நிறுத்துங்கள். ஒரே சங்கிலி உருவாகும்.
3. புள்ளிகளை எட்டாத தூரத்திற்கு நகர்த்துங்கள். ஒளி இருந்தும் சங்கிலி இல்லை.

தரைதான் பரப்பு, புள்ளிகளே மூலக்கூறுகளின் இடங்கள். டார்ச் ஒரு சைகை மட்டுமே, உண்மையில் வினைக்கு உரிய அலைநீள ஒளி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மதிப்பீடு

- ஈரத்துணி காய்வதற்கும் பல் அடைப்பு இறுகுவதற்கும் என்ன வேறுபாடு?
- மூன்றாம் சுற்றில் டார்ச்சைக் கூடுதல் நேரம் எரித்தால் சங்கிலி உருவாகுமா? ஏன்?

இரண்டாம் கேள்விக்குக் காரணத்தோடு விடை சொல்லும் மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.