வாசலில் நின்று அனுமதி கேட்டல்
(கைபேசி, கணினி உள்ள இல்லங்களுக்கு ஒரு பாடம்)

பிறர் இல்லத்தில் நுழையும் முன் வாசலில் நின்று ஸலாம் கூறி அனுமதி கேட்க வேண்டும் என்பது நம் வீடுகளில் சிறு பிள்ளைகளும் அறிந்த ஒழுக்கம். மார்க்க நூல்கள் இதனை 'இஸ்திஃதான்' என்று அழைக்கின்றன. மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் வந்தவர் திரும்பிவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். வீட்டார் 'போய் வாருங்கள்' என்று சொல்லிவிட்டால் வந்தவர் அங்கே நிற்கக் கூடாது என்பது சூரா நூர் தரும் போதனை.

இந்தப் பழைய பாடத்தை நாம் இன்று மீண்டும் படிக்க வேண்டியுள்ளது. முன்பு ஒரு வீட்டிற்குத் தெருவாசல் ஒன்று, கொல்லைவாசல் ஒன்று. இன்றோ வீட்டில் எத்தனை கைபேசிகள் உள்ளனவோ அத்தனை வாசல்கள். அந்த வாசல்கள் வழியே வருவோர் முகம் தெரியாதவர்கள். யார் நல்லவர், யார் கள்வர் என்று பிரித்தறிய இந்த ஒழுக்கமே நமக்கு உரைகல். திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிப் போகிறவர் நேர்மையானவர். போக மறுத்து, அவசரப்படுத்தி, அச்சுறுத்தி நிற்பவர் கள்வர். இந்த ஒன்றை வீட்டிலுள்ள எல்லோரும் மனத்தில் பதித்துக்கொண்டால் பாடத்தின் பெரும் பகுதி முடிந்தது.

உழைப்பின் கூலி

நெய்வேலி நகரியத்தை எடுத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அன்று முதல் பல ஊர்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் வட்டம் வட்டமாக அமைந்த குடியிருப்புகளில் தங்கி, இரவு பகல் ஷிப்டுகளில் உழைத்து வந்திருக்கின்றன. ஓய்வு பெறும்போது வைப்பு நிதி, பணிக்கொடை என்று ஒரு பெருந்தொகை கைக்கு வருகிறது. மகளின் நிக்காஹ், குடியிருப்பைக் காலி செய்த பின் தங்குவதற்கு ஒரு சிறு வீடு, இறைவன் நாடினால் ஹஜ் என எல்லா ஆசைகளும் அந்த ஒரே தொகையை நம்பி நிற்கின்றன. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் வியர்வை சிந்திச் சேர்த்ததை அரை மணி நேரத் தொலைபேசிப் பேச்சில் கொண்டுபோய்விட முடியும் என்பதே இன்றைய நிலை. கள்வன் நம் கணினியை உடைத்து நுழைவது அரிது. பெரும்பாலும் நாமே கதவைத் திறந்துவிடும்படி அவன் செய்துவிடுகிறான்.

திரும்பிப் போக மறுப்பவர்

'நாங்கள் போலீஸ், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது, வீடியோ அழைப்பைத் துண்டிக்காதீர்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று மிரட்டுவதற்கு 'டிஜிட்டல் கைது' என்று பெயர் சூட்டியுள்ளனர். நம் நாட்டுச் சட்டத்தில் இப்படி ஒரு கைது கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதனை விளக்கி எச்சரித்தார். ஆனாலும் 2025இல் ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர் உச்ச நீதிமன்றத்தின் பெயரில் காட்டப்பட்ட போலி ஆணைகளை நம்பி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தனர். அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அவ்வழக்கைக் கையில் எடுத்தது. டிசம்பரில் இத்தகைய மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

இங்கே நம் உரைகல்லைப் பயன்படுத்திப் பாருங்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்பதும் 'அழைப்பை வைக்காதே' என்பதும் திரும்பிப் போக மறுப்பவரின் சொற்கள். உண்மையான அதிகாரி எனில் நாம் அழைப்பைத் துண்டித்துவிட்டு, காவல் நிலையத்திற்கு நேரில் சென்று விசாரிப்பதில் அவருக்கு என்ன நட்டம்? ஆகவே பயம் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அழைப்பை வைத்துவிட்டு அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுதான்.

திறவுகோல் கேட்பவர்

வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணும், பணம் அனுப்பும் பின் எண்ணும் வெறும் எண்கள் அல்ல. 'என் வீட்டினுள் நுழையலாம்' என்று நாம் தரும் அனுமதி அவை. உண்மையான வங்கி ஊழியர் எவரும் தொலைபேசியில் அவற்றைக் கேட்பதில்லை.

2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் பணம் அனுப்பத்தான் பின் எண் தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. பழைய பீரோவை விற்க விளம்பரம் செய்தவரிடம், 'பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தைப் படம்பிடித்து பின் எண்ணைப் போடுங்கள்' என்று ஒருவர் சொன்னால், அவர் வாங்க வந்தவர் அல்லர், பறிக்க வந்தவர்.

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தரும் வாழ்வுச் சான்றிதழுக்கு 2014 நவம்பர் முதல் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு முறை உள்ளது. 'சான்றிதழ் முடியவில்லை, ஓய்வூதியம் நின்றுவிடும், வந்த எண்ணைச் சொல்லுங்கள்' என்ற அழைப்பு முதியவர்களை எளிதில் கலங்கச் செய்யும். அதற்கு ஒரே பதில், 'நான் வங்கிக்கே வந்து செய்துகொள்கிறேன்' என்பது.

அவ்வாறே நிறுவனத்தில் வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் செய்திகளையும் நம்ப வேண்டாம். வேலை அறிவிப்பு உண்மையா என்பதை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வங்கிகளின் இணையதள முகவரிகள் 'பேங்க்.இன்' என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்து, அதற்கு 2025 அக்டோபர் 31 வரை கெடு விதித்தது. எனவே செய்தியில் வந்த இணைப்பைத் தொடுவதற்கு முன் முகவரியின் கடைசிப் பகுதியைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

ரமளானில் நோயுற்ற குழந்தையின் படத்தோடு உதவி கேட்டு வரும் செய்திகள் நம் இரக்கத்தைத் தட்டி எழுப்புகின்றன. ஸகாத் உரியவரைச் சேர வேண்டிய கடமை. ஆகவே அந்த ஊர் ஜமாஅத்திடமோ மருத்துவமனையிடமோ ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கொடுப்பதே முறை. விசாரிப்பது கஞ்சத்தனம் அல்ல.

செயலிகள் கேட்கும் அனுமதி

கைபேசியில் ஒரு செயலியை ஏற்றும்போது, 'படங்களைப் பார்க்கலாமா? தொடர்பு எண்களைப் படிக்கலாமா?' என்று அது கேட்கிறது. நாமோ படிக்காமலே 'சரி' என்று அழுத்திவிடுகிறோம். டார்ச் விளக்குச் செயலிக்கு நம் வீட்டாரின் தொலைபேசி எண்கள் எதற்கு? தேவையற்ற அனுமதியை மறுப்பது நம் உரிமை.

திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' கோப்புகளைத் திறக்கவே கூடாது. அழைப்பிதழ் படமாக வரும், செயலியாக வராது. நம் கைபேசித் திரையைப் பிறர் பார்க்கும் செயலியை 'உதவிக்காக' ஏற்றச் சொன்னால் அதையும் மறுத்துவிட வேண்டும்.

பூட்டும் பராமரிப்பும்

கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். பிறந்த தேதியும் பிள்ளையின் பெயரும் வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்தால் நமக்கு நினைவிருக்கும், பிறருக்கு எட்டாது. மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு வேறொன்று. மறந்துவிடும் என்று அஞ்சினால் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வையுங்கள். எல்லா இடத்திற்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைவிட அது மேல். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் 'இரட்டைச் சரிபார்ப்பு' என்னும் வசதியை இன்றே செய்துகொள்ள வேண்டும்.

நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. இரவு பகலாகப் பம்புகள் அந்நீரை இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கிறது. ஒரு நாள் இறைத்துவிட்டோம், போதும் என்று அங்கே யாரும் இருப்பதில்லை. கணினிக்கு வரும் 'அப்டேட்' என்னும் புதுப்பித்தலும் இத்தகையதே. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் நச்சு நிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளை முடக்கியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினியில் எது இருக்கிறது என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமான படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனியே ஒரு பிரதி எடுத்து வைப்பதும் அவசியம்.

நாம் பிறர் வாசலில் நிற்கும்போது

இதுவரை நம் வாசலைக் காப்பது பற்றிப் பார்த்தோம். பிறர் வாசலில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருமண வீட்டில் எடுத்த பெண்களின் படத்தை அவர்களின் சம்மதமின்றி ஊரெங்கும் அனுப்புவது, அனுமதியின்றிப் பிறர் வீட்டினுள் எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

வந்த செய்தியை விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது சூரா ஹுஜுராத்தின் பாடம். விசாரியாமல் அனுப்புவதன் விளைவை நம் தமிழ்நாடே கண்டது. குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்ற வதந்தி 2018இல் வாட்ஸ்அப் வழியே பரவியது. அந்த மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், உறவினரோடு கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அந்த வதந்தியை அனுப்பியவர்களில் எத்தனை பேர் நல்லெண்ணத்தோடு அனுப்பியிருப்பார்கள்! அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு விதித்தது. நம் விரலுக்கு நாமே விதிக்கும் வரம்பு அதனினும் மேலானது.

பிள்ளைகள் நம்மிடம் வந்து சொல்லட்டும்

ஒரு பெண் பிள்ளையின் படத்தை மாற்றியமைத்து, 'பணம் தராவிட்டால் ஊருக்கெல்லாம் அனுப்புவேன்' என்று எவனோ மிரட்டினால், அவள் முதலில் யாரிடம் ஓடி வருவாள்? அத்தாவும் அம்மாவும் அடிப்பார்களே என்று அஞ்சினால் யாரிடமும் வரமாட்டாள். அந்த மௌனமே மிரட்டுபவனின் மூலதனம். 'எது நடந்தாலும் எங்களிடம் சொல்; உன்னைத் திட்ட மாட்டோம்' என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மிரட்டுபவனுக்குப் பணம் தரக் கூடாது. செய்திகளை அழிக்காமல் சான்றாக வைத்துக்கொண்டு புகார் செய்ய வேண்டும். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குப் பெயர் சொல்லாமலே புகார் தரும் வசதி தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கைமீறிப் போனால்

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது எடுக்கப்படுமுன் வங்கிகள் நிறுத்தி வைக்க முடிந்தால் மீட்க வழியுண்டு. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பேயானாலும், வங்கிக்குத் தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியின் பொறுப்பு. கைபேசியே தொலைந்துவிட்டால் 2023இல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தின் மூலம் அதை முடக்கலாம். நம் பெயரில் எத்தனை சிம்கார்டுகள் உள்ளன என்பதையும் அங்கே பார்க்கலாம்.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பின் குடும்பத்தார் அனைவரும் கூடி அமருங்கள். மூன்று காரியங்களை முடியுங்கள். ஒன்று, எல்லோர் கைபேசியிலும் 1930 என்ற எண்ணைப் பதிவு செய்யுங்கள். இரண்டு, இரட்டைச் சரிபார்ப்பைச் செய்து கொடுங்கள். மூன்று, பணம் கேட்டோ பயமுறுத்தியோ அழைப்பு வந்தால் வீட்டில் மற்றொருவரிடம் சொல்லாமல் ஒரு ரூபாயும் அனுப்புவதில்லை என்று சிறியவர் முதல் பெரியவர் வரை உறுதி கூறிக்கொள்ளுங்கள்.

பொருளும் மானமும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அவன்மீது பொறுப்புச் சாட்டுவதே நாம் கற்ற தவக்குல். நம் வாசல்களையும் பிறர் வாசல்களையும் பேணி நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.